பாத்மே போர்: எல்லைத் தீர்வுக்காகக் காத்திருக்க வைக்கப்பட்ட மக்கள்

1998 மே 6-ஆம் தேதி, இரு நாடுகளும் உரிமை கொண்டாடிய பாத்மே என்ற எல்லைச் சிற்றூருக்குப் பக்கத்தில் எரித்திரியப் படைவீரர்களுக்கும் எத்தியோப்பியாவின் திக்ரே மாநில ஊர்க்காவல் படைக்கும் துப்பாக்கிச் சண்டை மூண்டது. எரித்திரியத் தரப்பில் சிலர் இறந்தார்கள். மே 12 அன்று எரித்திரியா டாங்கிகளோடு வந்து பாத்மேயைப் பிடித்தது. மறுநாளே, படைகள் உடனே வெளியேற வேண்டும் என்று எத்தியோப்பியா கேட்டது. அப்படித் தொடங்கிய போர் இரண்டு ஆண்டு நீண்டு, எழுபதாயிரம் முதல் ஒரு லட்சம் பேர் வரை பலி வாங்கியதாக மதிப்பிடுகிறார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பதுங்குகுழிகளில் இருந்த இளம் சிப்பாய்கள்.

இந்தப் போர் எப்படி முடித்துவைக்கப்பட்டது என்பதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். நான் இங்கே பார்க்க விரும்புவது அதன் ஒரு பக்கத்தை மட்டும்: பொதுமக்களைக் காக்கும் வாக்குறுதிகள் எப்போது கேட்கப்பட்டன, எப்போது கிடைத்தன? அந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எல்லைச் சிக்கலோடு சேர்க்காமல் தனியாகக் கேட்டபோது பாதுகாப்பு சில நாட்களில் கிடைத்தது. எல்லைத் தீர்வோடு ஒரே உடன்படிக்கையில் கட்டிப்போட்டபோது அது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. அந்தக் காத்திருப்புக்கு விலை கொடுத்தவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் இல்லாதவர்கள்.

நண்பர்கள் பகையானது

எரித்திரியா 1890-இல் இத்தாலியின் காலனியானது. எத்தியோப்பியப் பேரரசோடு இத்தாலி 1900, 1902, 1908 ஆகிய ஆண்டுகளில் செய்துகொண்ட மூன்று ஒப்பந்தங்கள்தான் எல்லையைச் சொன்னவை. ஆனால் தரையில் யாரும் கோடு போட்டு முடிக்கவில்லை. 1952-இல் எரித்திரியா எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாக இணைக்கப்பட்டது. 1962-இல் முழுவதுமாக விழுங்கப்பட்டது. முப்பது ஆண்டு விடுதலைப் போர் 1991-இல் முடிந்தது. 1993 ஏப்ரலில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 99 சதவீதத்துக்கும் மேலானவர்கள் தனிநாடு கேட்டு வாக்களித்தார்கள்.

எரித்திரியத் தலைநகர் அஸ்மாராவில் ஆட்சிக்கு வந்த இசயாஸ் அஃபெவெர்கியும் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஆட்சிக்கு வந்த மெலஸ் செனாவியும், எத்தியோப்பியாவின் பழைய இராணுவ ஆட்சி என்ற ஒரே எதிரியை எதிர்த்துப் போரிட்ட கூட்டாளிகள். அதனாலேயே எல்லையை முறையாகக் குறிப்பதை இருவரும் அவசரமாக நினைக்கவில்லை. நட்பு இருக்கும்வரை கோடு தேவைப்படவில்லை. 1997 நவம்பரில் எரித்திரியா நாக்ஃபா என்ற தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது. இரு நாட்டு வணிகத்தை டாலரில் நடத்தலாம் என்றது எத்தியோப்பியா. அதோடு எல்லைச் சந்தைகள் முடங்கின, எத்தியோப்பியா பயன்படுத்திவந்த எரித்திரியாவின் அசாப் துறைமுகக் கட்டணம் குறித்த மனக்கசப்பும் சேர்ந்துகொண்டது. பாத்மேயில் சுட்டது யார் என்பதைவிட, சுடுவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் எல்லாக் கதவுகளும் எப்படி மூடப்பட்டன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒன்பது நாளில் கிடைத்த வாக்குறுதி

1998 ஜூன் 5. எத்தியோப்பிய விமானங்கள் அஸ்மாரா விமான நிலையத்தைத் தாக்கின. அன்றே எரித்திரிய விமானங்கள் திக்ரேயின் தலைநகரான மெக்கெல்லேமீது குண்டு வீசின. கொத்துக்குண்டுகள் அய்தெர் என்ற பள்ளியின்மீதும் அதைச் சுற்றிய குடியிருப்பின்மீதும் விழுந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள், அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. தங்கள் இலக்கு விமான நிலையம்தான் என்றது எரித்திரியா. பின்னாளில் இதை விசாரித்த நடுவர் ஆணையம், பள்ளியைக் குறிவைத்து அடித்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பொதுமக்களுக்குச் சேதம் வராமலிருக்க எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கைகளை எரித்திரியா எடுக்கவில்லை, அதனால் பொறுப்பு அதனுடையதே என்று தீர்ப்பளித்தது.

அடுத்து நடந்ததைத்தான் மத்தியஸ்தத்தில் ஈடுபடும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். ஜூன் 14 அன்று அமெரிக்க அதிபர் கிளிண்டன் இரு தலைவர்களிடமும் தொலைபேசியில் பேசினார். விமானத் தாக்குதலை நிறுத்திவைக்க இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பாத்மே யாருக்குச் சொந்தம் என்று முடிவாகவில்லை. யார் முதலில் பின்வாங்குவது என்றும் முடிவாகவில்லை. ஆனாலும் வானம் அமைதியானது. 1999 பிப்ரவரியில் தரைப்போர் மீண்டும் வெடிக்கும்வரை, ஏறக்குறைய எட்டு மாதம், அந்த வாக்கு நின்றது.

அது முழுமையான வாக்குறுதி அல்ல. அந்த இடைவெளியில் இரு நாடுகளும் நவீனப் போர் விமானங்களை வாங்கிக் குவித்தன. ஒன்று சுகோய்-27 வாங்க, மற்றது மிக்-29 வாங்கியது. எத்தியோப்பியாவில் வறட்சி தலைதூக்கியிருந்த காலம் அது. இருந்தாலும், எட்டு மாதம் நகரங்கள்மீது குண்டு விழவில்லை என்பது அங்கே குடியிருந்தவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

யாரும் தனியாகக் கேட்காத வாக்குறுதி

அதே ஜூன் மாதத்தில் வேறொன்றும் தொடங்கியிருந்தது. எத்தியோப்பியாவில் வாழ்ந்த எரித்திரிய வம்சாவளியினரை இரவில் வீட்டில் வைத்துக் கைது செய்வது, சில நாள் காவலில் வைப்பது, பேருந்தில் ஏற்றி எல்லையில் இறக்கிவிடுவது. அடிஸ் அபாபாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அரசு ஊழியர்கள், கடைக்காரர்கள், முதியவர்கள் என்று பட்டியல் நீண்டது. பல குடும்பங்களில் கணவர் எல்லைக்கு அந்தப் பக்கமும் மனைவி பிள்ளைகள் இந்தப் பக்கமுமாகப் பிரிந்துபோனார்கள். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 75,000 பேர் இப்படி வெளியேறினார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள்.

சட்டப்படி இதற்குச் சொல்லப்பட்ட காரணம், அவர்கள் 1993 பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தார்கள் என்பது. வாக்களிப்பதற்காக எரித்திரியர் என்று பதிவு செய்தார்கள். ஆகவே அவர்கள் அயல்நாட்டார். வாக்களித்த காலத்தில் இரு அரசுகளும் நண்பர்கள். பதிவு செய்தால் ஒருநாள் குடியுரிமையை இழப்பீர்கள் என்று அவர்களிடம் யாரும் எச்சரிக்கவில்லை. கண்ணின் நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகக்கூட ஒரு வெளிநாட்டவரை வெளியேறச் சொல்ல அரசுக்கு உரிமை உண்டு என்ற பொருளில் பிரதமர் மெலஸ் 1998 ஜூலையில் வானொலியில் பேசினார்.

சொத்தும் போனது. அசையாச் சொத்தை ஒரே மாதத்தில் விற்றாக வேண்டும் என்ற நிபந்தனை, அதன்மேல் வரி. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கும்போது வாங்குபவர் சொல்வதுதான் விலை.

மறுபக்கத்திலும் கை சுத்தமாக இல்லை. எரித்திரியாவில் வாழ்ந்த எத்தியோப்பியர்கள் வேலையிழந்தார்கள், தாக்கப்பட்டார்கள். 2000 மே மாதத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் மோசமான நிலையில் தடுத்துவைக்கப்பட்டு நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள்.

இதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லையா? கேட்டார்கள். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1998 நவம்பரில் புர்கினா ஃபாசோவின் தலைநகர் ஊகாதூகூவில் முன்வைத்த கட்டமைப்பு உடன்படிக்கையில், பொதுமக்களுக்கு எதிரான நடவடிக்கைகளை உடனே நிறுத்த வேண்டும், மனித உரிமைப் பார்வையாளர்களை நிறுத்த வேண்டும் என்ற அம்சங்கள் இருந்தன. நல்ல அம்சங்கள்தான். ஆனால் அதே தாளில்தான் பாத்மேயிலிருந்து படை விலகுவதும் இருந்தது. எத்தியோப்பியா ஏற்றது, எரித்திரியா விளக்கம் கேட்டது. 1999 பிப்ரவரி இறுதியில் பாத்மேயை எத்தியோப்பியா சண்டையிட்டு மீட்டதும் எரித்திரியா ஏற்றது. அப்புறம், "பாத்மேயும் சுற்றுப்புறமும்" என்றால் எதுவரை என்ற தகராறு. ஜூலையில் அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸில் நடைமுறை விதிகள் வந்தன. தொழில்நுட்ப ஏற்பாடுகள் என்ற மூன்றாவது ஆவணம் வந்தபோது இந்த முறை எத்தியோப்பியா மறுத்தது. இத்தனை இழுபறியிலும் பேருந்துகள் எல்லைக்கு ஓடிக்கொண்டிருந்தன.

மத்தியஸ்தர்களைக் குறை சொல்வது எளிது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் பேரம் பேச இடம் கிடைக்கும் என்று அவர்கள் நம்பியிருக்கலாம். ஆனால் நாடுகடத்தலை நிறுத்த எந்த அரசும் ஓர் அங்குல நிலத்தையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. பின்னே அதை ஏன் நிலத்தோடு கட்ட வேண்டும்? விமானத் தாக்குதலுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்தது என்றால், இதற்கும் அப்படி ஒரு தனி அழைப்பு போயிருக்க வேண்டும்.

போர்க் கைதிகள் விஷயமும் இதே கதைதான். எத்தியோப்பியா 1969-லேயே ஜெனீவா ஒப்பந்தங்களில் சேர்ந்திருந்தது. எரித்திரியா சேரவில்லை. அதைக் காரணம் காட்டி, தன்னிடம் இருந்த கைதிகளைச் செஞ்சிலுவைச் சங்கம் பார்ப்பதற்குப் போர் முடியும்வரை அனுமதிக்கவில்லை. 2000 ஆகஸ்ட் 14 அன்று எரித்திரியா ஒப்பந்தங்களில் சேர்ந்தது. அந்த மாதத்திலேயே கைதிகளின் முகாம் கதவு திறந்தது. ஒரு கையெழுத்து இரண்டு ஆண்டு முன்பே வாங்கப்பட்டிருந்தால் எத்தனை பேர் அடி வாங்காமல், நோயில் சாகாமல் இருந்திருப்பார்கள்!

முடிவு வந்த விதம்

2000 மே 9, 10 தேதிகளில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் குழு ஒன்று ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் ரிச்சர்ட் ஹோல்புரூக் தலைமையில் இரு தலைநகரங்களுக்கும் போய்வந்தது. பயனில்லை. மே 12 அன்று, போரை நிறுத்தக் கோரும் 1297-ஆம் தீர்மானத்தைப் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய அதே நாளில், எத்தியோப்பியா பெரும் தாக்குதலைத் தொடங்கியது. எரித்திரிய நகரமான பாரெண்டு வீழ்ந்தது, எரித்திரியா பிடித்துவைத்திருந்த எல்லை ஊரான ஜலம்பெசாவும் எரித்திரிய ஊரான செனாஃபேயும் கைமாறின. எரித்திரியாவில் பத்து லட்சம் பேர்வரை வீடிழந்து ஓடினார்கள். அந்த நாட்டு மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. இரு நாடுகளுக்கும் ஆயுதம் விற்கத் தடை போட்ட 1298-ஆம் தீர்மானம் மே 17 அன்று வந்தது. ஆயுதங்கள் வந்து இறங்கி, பயன்படுத்தப்பட்டுக்கொண்டிருந்த நேரம். அதற்கும் ஓராண்டு மட்டுமே ஆயுள்.

களத்தில் எத்தியோப்பியா தான் நினைத்ததைப் பிடித்த பிறகுதான் ஜூன் 18 அன்று அல்ஜியர்ஸில் சண்டை நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. பேச்சுவார்த்தை போரை நிறுத்தியது என்பதைவிட, போரின் முடிவைப் பேச்சுவார்த்தை எழுதிவைத்தது என்பதுதான் சரி. எரித்திரிய நிலத்துக்குள்ளேயே 25 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு தற்காலிகப் பாதுகாப்பு வலயம். அதைப் பார்த்துக்கொள்ள 4,200 பேர் வரையிலான ஐ.நா. அமைதிப்படை. டிசம்பர் 12 அன்று இசயாஸும் மெலஸும் முழுச் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்துக்கு மூன்று கால்கள். போர் எப்படித் தொடங்கியது என்று விசாரிக்க ஒரு சுதந்திரமான அமைப்பு. அது நடக்கவே இல்லை. சேதங்களுக்கு இழப்பீடு முடிவு செய்ய ஓர் உரிமைகோரல் ஆணையம் (மெக்கெல்லே குண்டுவீச்சை விசாரித்த நடுவர் ஆணையம் இதுதான்). கோட்டை முடிவு செய்ய ஐந்து பேர் கொண்ட எல்லை ஆணையம். தீர்ப்பு இறுதியானது, இருவரையும் கட்டுப்படுத்தும்.

எல்லை ஆணையம் பழைய காலனி ஒப்பந்தங்களையும் பன்னாட்டுச் சட்டத்தையும் மட்டுமே பார்க்கலாம், நியாய உணர்வின்படி வளைத்து முடிவெடுக்க அதிகாரம் இல்லை என்று ஒப்பந்தமே கட்டிப்போட்டது. அதற்குக் காரணம் இருந்தது: வளைக்க இடம் கொடுத்தால் தகராறு முடியாது. ஆனால் விளைவு என்ன? 2002 ஏப்ரல் 13 அன்று வந்த கோடு, இரோப் போன்ற சிறு இனத்தவர் வாழும் நிலத்தைப் பிளந்து சென்றது. ஊர் பிளவுபடுகிறதே என்பதற்காகக் கோட்டை நகர்த்தத் தனக்கு அதிகாரம் இல்லை என்று ஆணையம் பின்னர் வெளிப்படையாகவே சொன்னது. அந்த மக்களுக்கு எந்த நாட்டுக் குடியுரிமை, நிலம் யாருக்கு, அந்தப் பக்கம் உள்ள தேவாலயத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் எப்படிப் போவது என்பதை யார் பேசுவது? ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு விரிவான பிரிவு இல்லை. கோட்டை வளைக்காமலேயே கோட்டைக் கடந்து வாழும் உரிமையைத் தந்திருக்க முடியும். அந்த வாய்ப்பை நழுவவிட்டதுதான் அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தின் பெரிய குறை என்பது என் கருத்து.

தீர்ப்பு பாத்மேயின் பெயரைத் தெளிவாகக் குறிக்காததால் இரு அரசுகளும் வெற்றி என்று அறிவித்தன. பாத்மே எரித்திரியாவின் பக்கம் விழுகிறது என்று உறுதியானபோது, 2003 செப்டம்பரில் மெலஸ் ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னானுக்குக் கடிதம் எழுதி அந்த முடிவைச் சட்டவிரோதம், அநீதி என்று நிராகரித்தார். இறுதித் தீர்ப்பு என்று கையெழுத்திட்டவர் மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு உத்தரவாதம் கொடுத்தவர்களிடம் விடையில்லை. எரித்திரியா தன் கோபத்தை ஐ.நா. படைமீது காட்டியது: 2005-இல் ஹெலிகாப்டர்களுக்குத் தடை, பிறகு மேற்கத்திய நாட்டவர் வெளியேற்றம், பிறகு எரிபொருள் நிறுத்தம். 2008 ஜூலையில் அமைதிப்படை கலைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2007 நவம்பரில், எல்லைத் தூண்களை நட முடியாத ஆணையம் கோட்டை வெறும் ஆயத்தொலைவு எண்களாக வரைபடத்தில் குறித்துவிட்டு விடைபெற்றது.

இழப்பீட்டுக் கணக்கு

உரிமைகோரல் ஆணையத்தின் வேலையை நான் மதிக்கிறேன். இரு தரப்பையும் ஒரே அளவுகோலால் அளந்தது. 2005 டிசம்பரில், பாத்மேயை ஆயுதபலத்தால் பிடித்தது ஐ.நா. சாசனத்தை மீறிய செயல் என்று எரித்திரியாவைச் சொன்னது. இருநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களைத் தன்னிச்சையாகக் குடியுரிமை பறித்து வெளியேற்றியதும், கட்டாயமாகச் சொத்தை விற்கவைத்ததும் தவறு என்று எத்தியோப்பியாவைச் சொன்னது. ஜலம்பெசா இடிக்கப்பட்டதற்கு எரித்திரியா பொறுப்பு. செனாஃபேயின் அழிவுக்கும், அதன் அருகே மதராவில் இருந்த மிகப் பழமையான கல்தூண் வெடிவைத்து வீழ்த்தப்பட்டதற்கும் எத்தியோப்பியா பொறுப்பு. படைகள் பிடித்த ஊர்களில் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானதைத் தடுக்கத் தவறியதற்கு இருவரும் பொறுப்பு.

2009 ஆகஸ்டில் கணக்கு முடிந்தது. எரித்திரியாவுக்கு ஏறக்குறைய 16.35 கோடி டாலர், எத்தியோப்பியாவுக்கு 17.4 கோடி டாலர். இரண்டையும் கழித்துப் பார்த்தால் எரித்திரியா ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல் தர வேண்டும். இந்தக் கழித்தல்தான் மனதை உறுத்துகிறது. அடிஸ் அபாபாவில் வீட்டை இழந்த ஒருவரின் நட்டமும், ஜலம்பெசாவில் வீட்டை இழந்த ஒருவரின் நட்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன. இழப்பீடு அரசுக்கும் அரசுக்கும் நடுவில் இருக்க, வீட்டை இழந்த இருவர் கையிலும் எதுவும் வந்து சேரவில்லை.

போரும் இல்லை, சமாதானமும் இல்லை

கோடு இழுபட்டுக் கிடந்த ஆண்டுகளில் எரித்திரியாவில் கட்டாய தேசிய சேவை காலவரையற்றதாக நீண்டது. சட்டப்படி 18 மாதம். நடப்பில் பத்து, பதினைந்து ஆண்டு. எதிரி நம் நிலத்தில் இருக்கிறான் என்பதுதான் அரசு சொன்ன காரணம். தேர்தல் இல்லை, சுதந்திரப் பத்திரிகை இல்லை. இளைஞர்கள் சூடான் வழியாகவும் லிபியா வழியாகவும் மத்தியதரைக் கடலை நோக்கி ஓடினார்கள். எல்லைப் போரில் பொதுமக்கள் இழப்பு என்று கணக்கெடுக்கும்போது கடலில் மூழ்கிய அந்தப் பிள்ளைகளை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

2018 ஏப்ரலில் எத்தியோப்பியாவின் பிரதமரான அபி அகமது, ஜூனில் அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தை முழுவதுமாக ஏற்பதாக அறிவித்தார். ஜூலை 9 அன்று அஸ்மாராவில் கூட்டுப் பிரகடனம். தொலைபேசி இணைப்புகள் திரும்பின, ஜூலை 18 அன்று விமானம் பறந்தது, இருபது ஆண்டாகப் பார்க்காத உறவினர்கள் விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதார்கள். செப்டம்பர் 11 அன்று ஜலம்பெசா எல்லை திறந்தது. கவனியுங்கள்: கோடு அப்போதும் தரையில் போடப்படவில்லை. ஆனாலும் மக்கள் நடந்து போனார்கள், சந்தை கூடியது. மக்களுக்கான ஏற்பாடு கோட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் அதை எழுத்தில் பிடித்துவைக்கவில்லை. விசா, சுங்கம், வணிகம் எதற்கும் விதி வகுக்கப்படவில்லை. சில மாதங்களில் எரித்திரியா எல்லைக் கடவுகளை ஒவ்வொன்றாக மூடியது. எல்லையோரம் வாழ்ந்த திக்ரே மக்களையும் அவர்களுடைய தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு இரு தலைநகரங்கள் செய்துகொண்ட சமாதானம் அது. 2020 நவம்பரில் எத்தியோப்பிய அரசுக்கும் திக்ரேயை ஆண்ட கட்சிக்கும் இடையே திக்ரே போர் வெடித்தபோது எரித்திரியப் படை எத்தியோப்பிய அரசின் பக்கம் நின்று உள்ளே நுழைந்தது. அந்த மாத இறுதியிலேயே திக்ரேயின் அக்சூம் நகரில் நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றது. போரின் போக்கில் பாத்மேயும் எரித்திரியாவின் கைக்குப் போனது.

2022 நவம்பர் 2 அன்று தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் கையெழுத்தான உடன்பாடு அந்தப் போரை நிறுத்தியது. அதில் கையெழுத்திட்டவை எத்தியோப்பிய அரசும் திக்ரே மக்கள் விடுதலை முன்னணியும். எரித்திரியா அந்த மேசையில் இல்லை. வெளிநாட்டுப் படைகளின் விலகலைப் பற்றிய வரி, பத்து நாள் கழித்து நைரோபியில் கையெழுத்தான பிரகடனத்தில்தான் வந்தது. அதிலும் எந்த நாடு என்ற பெயர் இல்லை. இரோப் நிலத்தின் சில பகுதிகளில் எரித்திரியப் படை அதன் பிறகும் நின்றது. 2002-இன் கோட்டின்படி அதில் எவ்வளவு எரித்திரியாவுடையது என்று சட்ட வல்லுநர்கள் வாதிடலாம். அங்கே வாழ்பவர்களுக்கு எந்த அரசு அடையாள அட்டை தரும், எந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவது, காணாமல்போனவரைப் பற்றி யாரிடம் கேட்பது என்ற கேள்விகளுக்கு 2000-இன் ஒப்பந்தத்திலும் விடையில்லை, 2018-இன் பிரகடனத்திலும் இல்லை, 2022-இன் உடன்பாட்டிலும் இல்லை.